கருவியின் அழகும் கையின் கணக்கும்

அழகு எதில் இருக்கின்றது என்ற கேள்வி மிகப் பழையது. மலரும் நிலவும் குழந்தையின் முகமும் தெய்வத் திருவுருவமும் அழகானவை என்பதில் நமக்குள் வாதம் இல்லை. ஆனால் ஓர் உரல் அழகானதா? ஒரு சோடி பழைய சப்பாத்து அழகானதா? மேசன் சாந்து பூசும் கரண்டி? இவற்றை ஒரு கலைஞன் வரைந்து, சட்டமிட்டு, ஓவியக்கூடத்துச் சுவரில் மாட்டியதும் நாம் வரிசையில் நின்று பார்க்கின்றோம். வியக்கின்றோம். அந்த அழகு எங்கிருந்து வந்தது? கருவியிலே ஏற்கெனவே இருந்ததா? கலைஞன் கொடுத்ததா? அல்லது அந்தக் கருவியைப் பிடித்து உழைக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லாதபடியால் மட்டும் நம் கண்ணுக்குத் தோன்றுவதா?

முதல் இரண்டும் ரசனை பற்றிய கேள்விகள். மூன்றாவது அறம் பற்றிய கேள்வி. புலம்பெயர்ந்து வந்த நமக்கு இந்த மூன்றாவது கேள்வி சற்றுக் கூடுதலாகவே உறைக்க வேண்டும். பட்டச் சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவியவர்கள் நம்மில் பலர். அதே நாம்தான் இன்று ஊரிலிருந்து வரவழைத்த மூக்குப்பேணியைக் கண்ணாடி அலுமாரியில் வைத்து விருந்தினருக்குக் காட்டுகின்றோம். கருவியின் இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்த சமூகம் நாம். ஆகவே இதைப் பற்றிப் பேச நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

விலை ஒன்று, பெயர் ஒன்று

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்த உரோம அறிஞர் பிளினி, தமது பெரிய கலைக்களஞ்சியத்தில் பெய்ராய்க்கொஸ் என்ற கிரேக்க ஓவியரைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். அவர் தேவர்களையோ படைத்தலைவர்களையோ வரையவில்லை. முடிதிருத்தும் கடைகள், சப்பாத்துத் தைப்பவரின் கொட்டில்கள், கழுதைகள், உணவுப் பண்டங்கள் ஆகியவற்றை வரைந்தார். இழிந்த பொருட்களை வரைபவர் என்ற பொருள்படும் ஒரு பட்டப்பெயரை மக்கள் அவருக்குச் சூட்டினார்கள். ஆனால் அவருடைய சிறிய ஓவியங்கள், வேறு பலருடைய மாபெரும் ஓவியங்களை விடக் கூடிய விலைக்கு விற்றன என்றும் பிளினி எழுதுகின்றார்.

கணக்குத் தொழிலில் இருப்பவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்பார்கள். ஒரு பொருளை வாயால் இழித்துரைத்து, காசு கொடுக்கும்போது மட்டும் உயர்த்தி மதிப்பவர்களின் ஏடு எங்கோ சமப்படவில்லை. உண்மையில் அவர்கள் அந்த ஓவியங்களை விரும்பினார்கள். விரும்புவதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டார்கள். ஏனெனில் அந்த ஓவியத்தில் இருந்த கத்தியையும் ஊசியையும் பிடித்தவர்கள், அவர்கள் தம்மோடு ஒரே பந்தியில் இருத்த விரும்பாதவர்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சிக்கல் தொடங்கிவிட்டது.

செவில் நகரத்துச் சமையலறை

இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில், ஸ்பானிய ஓவியர் டியேகோ வெலாஸ்குவெஸ் செவில் நகரில் 1618இல் வரைந்த ஓர் ஓவியம் உண்டு. அப்போது அவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. ஓர் இளம் பணிப்பெண் மேசைக்கு முன் நிற்கின்றாள். அவள் கையில் உலக்கை; முன்னால் பித்தளையிலான சிறிய உரல். மேசைமீது வெள்ளைப்பூடு, மீன், ஒரு தட்டில் இரண்டு முட்டைகள், ஒரு காய்ந்த செத்தல் மிளகாய், ஒரு குடுவை. அவள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. கன்னம் சிவந்து, கண் கலங்கினாற்போல் இருக்கின்றது. பின்னால் நிற்கும் ஒரு கிழவி அவளை நோக்கி விரலை நீட்டி ஏதோ சொல்கின்றாள்.

நம் அம்மாமாருக்கு இந்த ஓவியத்தை விளக்க வேண்டியதில்லை. அந்த மிளகாயைக் கண்டதும் அவர்கள் கண்டுகொள்வார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பெயினுக்குக் கொண்டுவரப்பட்டது; போர்த்துக்கேயர் அதை நம் கரைகளுக்கும் கொண்டுவந்தார்கள். இந்த ஓவியம் வரையப்பட்ட மறு வருடம், 1619இல், யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அந்நாளில் போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே அரசனின் ஆட்சியில் இருந்தன. ஆக, அந்தப் பெண் இடித்துக்கொண்டிருக்கும் உரலுக்கும் நம் வீட்டு உரலுக்கும் இடையில் நாம் நினைப்பதிலும் குறைந்த தூரமே உள்ளது.

ஓவியத்தின் வலது மேல் மூலையில் இன்னொரு காட்சி சிறிதாகத் தெரிகின்றது. அது சன்னலா, கண்ணாடியா, சுவரில் தொங்கும் படமா என்று சரியாகச் சொல்ல முடியாதபடி வரையப்பட்டுள்ளது. அங்கே இயேசுநாதர் அமர்ந்திருக்கின்றார். அவர் காலடியில் மரியாள் உபதேசம் கேட்கின்றாள். விவிலியக் கதை இதுதான்: மரியாளின் சகோதரி மார்த்தாள் வீட்டு வேலை முழுவதையும் தனியே செய்து களைத்து, தன் தங்கை உதவிக்கு வரவில்லையென்று முறையிட்டாள். மரியாள் தெரிந்துகொண்டதே நல்ல பங்கு என்று இயேசு பதிலளித்தார்.

ஓவியர் செய்ததைப் பாருங்கள். உபதேசத்தைச் சிறிதாக்கி மூலையில் வைத்தார். உரலையும் மீனையும் பெரிதாக்கி நம் முகத்துக்கு நேரே வைத்தார். உரலின் பித்தளையில் விழும் வெளிச்சத்தையும், பூண்டின் தோல் உரிந்து கிடக்கும் விதத்தையும், வேறு ஓவியர்கள் அரசகுமாரியின் நகைகளுக்குச் செலவிடும் கவனத்தோடு வரைந்தார். கதையின் தீர்ப்பை அவர் மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்பு சொல்லப்பட்ட நேரத்தில் சமையலறையில் யார் நின்றாள், அவள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை மறக்க விடவில்லை. கேட்பவர் கேட்கவும் வேண்டும். வந்தவருக்கு உணவும் வேண்டும். கோவிலில் பிரசங்கம் நடக்கும்போது அன்னதானக் கூடத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு இந்த ஓவியம் உடனே விளங்கும்.

இங்கே ஓவியத்தின் அழகு வெறும் அலங்காரம் அன்று. அது ஒரு வகையான நீதி. பார்க்கப்படாததைப் பார்க்க வைப்பது.

ஒரு டொலர் 85 சதம்

இனிக் கருவியின் சொந்த அழகுக்கு வருவோம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ், 1955 யூலை மாதம் 'ஃபோர்ச்சூன்' என்ற வணிக சஞ்சிகையில் ஒரு படத்தொகுப்பு வெளியிட்டார். சாதாரணக் கைக்கருவிகளின் அழகுகள் என்பது அதன் பொருள். தகரம் வெட்டும் கத்தரி, மேசன் கரண்டி, குறடு, திருகுசாவி, பெட்டி திறக்கும் நெம்பி ஆகிய ஐந்தும் ஒவ்வொன்றாக, வெறுமையான பின்னணியில், நேராக நின்று படமெடுக்கப்பட்டிருந்தன. கை இல்லை, பட்டறை இல்லை, நிழல் விளையாட்டு இல்லை. படத்தோடு பெயரும் விலையும் கொடுக்கப்பட்டன. கத்தரியின் விலை 1 டொலர் 85 சதம். மேசன் கரண்டி 1 டொலர் 35 சதம்.

விலையைக் கொடுத்ததுதான் அந்தத் தொகுப்பின் நேர்மை. பெரும் முதலாளிகள் வாசிக்கும் சஞ்சிகை அது. இரண்டு டொலருக்குக் குறைந்த காசுக்கு வாங்கக்கூடிய ஒரு பொருளில், தம் மாளிகைகளில் வாங்கி நிரப்பிய பொருட்களில் இல்லாத ஓர் ஒழுங்கு இருப்பதை அவர்களுக்குக் காட்டினார். அந்த ஒழுங்கு எது? கருவியில் கணக்கில் வராத பகுதி எதுவும் இல்லை. கத்தரியின் பிடி ஏன் அவ்வளவு நீளம்? தகரத்தை வெட்டும் பலம் அந்த நீளத்தில் இருந்து வருகின்றது. கரண்டியின் கழுத்து ஏன் வளைந்திருக்கின்றது? விரல் சாந்தில் படாமல் இருக்க. பல தலைமுறை உழைப்பாளிகளின் கைகள் தேவையற்றதைக் கழித்து, தேவையானதைக் கூட்டி, மீதியாக விட்டதே அதன் வடிவம்.

நம் சுளகைப் பாருங்கள். ஒரு பக்கம் அகன்று, மறு பக்கம் ஒடுங்கி, விளிம்பு ஓரளவுக்கு மட்டும் உயர்ந்திருக்கும். அரிசி நிற்கவும் உமி பறக்கவும் எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவே உயரம். அதை முடைந்தவர் அழகுக்காக முடையவில்லை. ஆயினும் அழகு வந்தது. நீத்துப்பெட்டி, கடகம், பிளா, துலா, திருவலை என்று எதை எடுத்தாலும் இதே கதை.

கணக்கியலில் பெறுமானத் தேய்வு என்று ஒன்று உண்டு. வாங்கிய கருவியின் விலையை அதன் ஆயுட்காலத்துக்குப் பங்கிட்டு, வருடா வருடம் கழித்துக்கொண்டு வருவார்கள். ஒரு நாள் அதன் ஏட்டுப் பெறுமதி பூச்சியம் ஆகிவிடும். ஆனால் மறுநாள் காலை அந்தக் கருவி வழக்கம்போல் வேலை செய்யும். ஏட்டில் இறந்த பின்னும் உலகில் உழைத்துக்கொண்டிருக்கும். அம்மியின் நடுவில் விழுந்த குழியும், அகப்பைக் காம்பில் கைபட்டு ஏறிய மினுக்கமும் எந்த ஐந்தொகையிலும் இடம்பெறுவதில்லை. ஏடு விட்டுவிட்ட அந்தப் பெறுமதியை எழுதிவைக்கும் வேலையைத்தான் ஓவியமும் புகைப்படமும் செய்கின்றன எனலாம்.

யாருடைய சப்பாத்து?

இதுவரை கருவியைப் புகழ்ந்தோம். இனி எதிர்வாதத்தைக் கேட்போம்.

வின்சென்ற் வான் கோ 1886இல் பரிஸ் நகரில் ஒரு சோடி சப்பாத்தை வரைந்தார். தோல் சுருங்கி, நாடா அவிழ்ந்து, அடி தேய்ந்த சப்பாத்து. இப்போது அம்ஸ்ரடாமில் இருக்கின்றது. ஜெர்மானிய மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெக்கர் 1935-36இல் கலையின் தோற்றம் பற்றி ஆற்றிய விரிவுரைகளில் இந்தச் சப்பாத்தை எடுத்துக்கொண்டார். கருவி கையில் இருக்கும்போது நாம் அதைப் பார்ப்பதில்லை, உடைந்தால்தான் பார்க்கின்றோம் என்று 1927ஆம் ஆண்டு நூலிலேயே காட்டியவர் அவர். அது சரியான அவதானம். சுத்தியலால் அடிப்பவர் ஆணியைப் பார்ப்பார், சுத்தியலைப் பார்ப்பதில்லை. கருவியை உடைக்காமலே பார்க்க வைப்பது ஓவியம் என்பது அவருடைய அடுத்த படி. அதுவும் நல்ல கருத்தே. ஆனால் அதோடு நிற்காமல், அது ஒரு விவசாயப் பெண்ணின் சப்பாத்து என்று கொண்டு, அவளுடைய வயலின் ஈரத்தையும் களைப்பையும் உணவு பற்றிய கவலையையும் அதற்குள் கண்டு உருக்கமாகப் பேசினார்.

1968இல் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷப்பீரோ இதற்கு மறுப்பு எழுதினார். அது விவசாயப் பெண்ணின் சப்பாத்து அன்று; நகரத்தில் வாழ்ந்த வான் கோவின் சொந்தச் சப்பாத்தாகவே இருக்க வேண்டும்; மெய்யியலாளர் தம் மனத்தில் இருந்ததை ஓவியத்துள் வைத்துவிட்டு அதையே கண்டெடுத்தார் என்றார். விவாதம் இன்னும் முடியவில்லை. நமக்கு அதைவிட முக்கியமானது அந்தக் கட்டுரை வெளிவந்த இடம். குர்ட் கோல்ட்ஸ்ரைன் என்ற நரம்பியல் மருத்துவரின் நினைவாக வெளியிடப்பட்ட தொகுப்பு அது. ஹைடெக்கரின் கட்டுரையை ஷப்பீரோவுக்கு அறிமுகம் செய்தவரே அவர்தான். கோல்ட்ஸ்ரைன் யூதர். 1933இல் நாற்சிகளால் சிறையிலிடப்பட்டு, இனித் திரும்பி வருவதில்லை என்ற நிபந்தனையோடு ஜெர்மனியை விட்டு வெளியேற்றப்பட்டவர். அதே 1933இல் ஹைடெக்கர் நாற்சிக் கட்சியில் சேர்ந்தார். ஷப்பீரோவும் லித்துவேனியாவில் பிறந்து சிறுவயதில் நியூயோர்க்குக்கு வந்த யூதர்.

ஒருவர் விவசாயியின் சப்பாத்தையும் மண்ணின் ஈரத்தையும் கண்ணீர் வருமாறு புகழலாம். அதே வேளை அந்த மண்ணில் வாழ்ந்த அயலவனைத் துரத்துபவர்களோடு சேர்ந்தும் நிற்கலாம். மண்ணைப் பற்றிய அழகான பேச்சு மனிதரைப் பற்றிய அக்கறைக்கு உத்தரவாதம் அன்று. துரத்தப்பட்டவர்களாகிய நமக்கு இதை ஒருவர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த அறிவை நம் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி அலுமாரி

வாக்கர் எவன்ஸ் 1936இல் அலபாமா மாநிலத்தில் மிக ஏழைகளான பருத்திக் குத்தகைக் குடும்பங்களைப் படமெடுத்தார். அவற்றில் ஒன்று ஒரு சமையலறைச் சுவர். வெறும் பலகை, குறுக்கே ஆணியடித்த ஒரு மெல்லிய சட்டம், அதற்குப் பின்னால் செருகப்பட்ட சில கரண்டிகளும் முள்ளுக்கரண்டிகளும். அவ்வளவுதான். எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியோடு சேர்ந்து 1941இல் வெளியிட்ட புத்தகத்தின் காரணமாக அந்தப் படங்கள் உலகப் புகழ் பெற்றன. படம் உண்மையிலேயே அழகானது. ஆனால் அந்த வீட்டுப் பெண் அந்தச் சட்டத்தை அழகுக்காக ஆணியடித்து வைத்திருக்க மாட்டாள். வேறு இடம் இல்லாதபடியால் வைத்திருப்பாள். ஓவியக்கூடத்தில் நின்று நாம் காணும் எளிமை, அவளுக்கு இல்லாமை. இரண்டுக்கும் ஒரே தோற்றம்.

நம் வீடுகளுக்கு வருவோம். புலம்பெயர்ந்து வந்தபோது நம்மில் எவரும் அம்மியைக் காவிக்கொண்டு வரவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் வெளியேறியபோது, தூக்க முடிந்ததைத் தூக்கினார்கள். உரலும் ஆட்டுக்கல்லும் துலாவும் நின்ற இடத்திலேயே நின்றன. கையைவிட்டுப் போனதால்தான் இன்று அவற்றின் படத்தைக் கண்டால் நம் மனம் இளகுகின்றது. நாட்காட்டியில் கிணற்றடிப் படம் வந்தால் மாதம் முடிந்த பின்னும் கிழிக்க மனம் வருவதில்லை. இதில் பிழை இல்லை. இழந்ததை நேசிப்பது மனித இயல்பு.

ஆனால் நினைவு எல்லாவற்றையும் மினுக்கிவிடும். உரலை அழகென்று இன்று சொல்லும் நாம், விடியற்காலையில் மா இடித்த பெண்ணின் தோள்மூட்டு நோவை நினைப்பதில்லை. பனையோலைப் பிளாவை அலுமாரியில் வைக்கும் நாம், பனைமரத்தில் ஏறி இறங்கியவரின் மார்பில் தழும்பு இருந்ததை நினைப்பதில்லை. சத்தகம் கொண்டு ஓலை வார்ந்து கடகம் இழைத்தவர், அந்தக் கடகத்தில் வந்த நெல்லைக் கொட்டிய வீட்டின் உள்ளே வரலாமா என்பதை நினைப்பதே இல்லை. கருவியைக் கண்ணாடிக்குள் வைக்கும்போது, அதைப் பிடித்த கையைக் கண்ணாடிக்கு வெளியே விட்டுவிடுகின்றோம்.

அப்பர் சுவாமிகளின் கையில்

கருவியையும் கையையும் பிரிக்காத கலை நமக்குத் தெரியாததன்று. நம் கோவிலிலேயே அது நிற்கின்றது.

நால்வர் வரிசையைச் சிறுபிள்ளைகளுக்குக் காட்டி, இவர்களில் அப்பர் யார் என்று கேளுங்கள். உடனே சொல்வார்கள். கூப்பிய கையோடு, தோளில் சாய்த்த உழவாரப் படையோடு நிற்பவர் அவரே. சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலும் அவர் அவ்வாறே காட்சி தருகின்றார். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் பெரும் புலவர். பல தலங்களைப் பாடியவர். சமண சமயத்தில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலையில் இருந்த கல்விமான். அவரை அடையாளம் காட்டச் சிற்பி ஏட்டுச்சுவடியைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கோவில் முற்றத்துப் புல்லையும் முள்ளையும் செதுக்கும் கருவியைக் கொடுத்தான். திருவதிகைக் கோவிலைக் கூட்டி மெழுகிப் பணி செய்துகொண்டிருந்த தமக்கையார் திலகவதியாரிடந்தான் அவர் முதலில் திரும்பி வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த உழவாரத்துக்கு முன்னால் ஒரு பெண்ணின் விளக்குமாறு இருந்தது என்பது தெரியும்.

இந்தத் திருமேனியில் கருவியின் அழகை மட்டும் தனியே எடுத்து இரசிக்க முடியாது. கருவி, கை, கும்பிடு மூன்றும் ஒன்று. செவில் ஓவியமும் அமெரிக்கப் புகைப்படமும் எழுப்பிய கேள்விக்கு இது ஒரு விடை என்று நமக்குத் தோன்றுகின்றது. உழைக்க வேண்டிய தேவை இல்லாத ஒருவர் தாமாகவே கருவியை எடுத்தார். ஆகவே அதன் அழகைப் பேச அவருக்குத் தகுதி இருந்தது.

நவராத்திரியின் முடிவில் கருவிகளைக் கழுவிச் சந்தனம் பூசி வைத்து வழிபடுகின்றோமே, அதுவும் ஒரு வகையில் ஓவியச் சட்டத்தின் வேலையைத்தான் செய்கின்றது. வருடம் முழுவதும் பயன்படுத்தியதை ஒரு நாள் பயன்படுத்தாமல் வைத்துப் பார்க்கின்றோம். ஒரு வேறுபாடு: ஓவியக்கூடத்தில் இருப்பது அங்கேயே இருக்கும், நம் கருவி மறுநாள் விசயதசமியன்று வேலைக்குத் திரும்பும். அழகும் பயனும் ஒன்றையொன்று விரட்டாத ஏற்பாடு இது. ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகின்றது. அன்று கத்திக்கு ஓய்வு, அகப்பைக்குச் சந்தனம். அவலும் கடலையும் சர்க்கரைப் பொங்கலும் செய்தவருக்கு ஓய்வு உண்டா?

உள்ளே போன தோல்

இன்னும் கடினமான ஒரு கதை நம்மிடம் இருக்கின்றது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் குயவரும் வண்ணாரும் நெசவாளரும் செம்படவரும் அடியாராகின்றார்கள். அவர்களுள் திருநாளைப்போவார், நாம் நந்தனார் என்று அழைப்பவர், கோவில் முரசுகளுக்குத் தோலும் வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து வந்தார். அவர் கொடுத்த தோல் உள்ளே போயிற்று. அவர் கொடுத்த நரம்பு உள்ளே ஒலித்தது. அவர் மட்டும் வாசலுக்கு வெளியே நின்றார். கருவியின் நாதம் இறைவனுக்கு ஏற்றது. அதைச் செய்தவர் ஏற்றவரல்லர் என்று மனிதர் வகுத்த கணக்கு அது. திருப்புன்கூரில் நந்தி விலகிய கதை, அந்தக் கணக்கு பிழை என்று இறைவனே சொன்ன கதை.

நாம் அதைக் கேட்டு உருகினோம். ஆனாலும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இலங்கையில் 1957இல் வந்த பின்னும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் மனிதர்கள் உள்ளே செல்ல உரிமை கேட்டு நிற்க வேண்டியிருந்தது. அந்த வாசலுக்குள் அடித்த மேளத்தின் தோல் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை.

இதை இங்கே எழுதுவது பழம்புண்ணைக் கிளற அன்று. கருவியை நேசித்துக் கையை வெறுக்க மனிதரால் இலகுவில் முடியும் என்பதற்கு வெளிநாட்டு மெய்யியலாளரைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பதைக் காட்டவே.

மூன்று சோதனைகள்

அப்படியானால் எளிய கருவிகளின் ஓவியத்தில் அழகு காண்பது தவறா? இல்லை என்பதே நம் முடிவு. காணாமல் விடுவதுதான் பெரிய தவறு. உரலைக் காணாதவர் உரலடியில் நின்றவளையும் காணமாட்டார். கலை குறைந்தபட்சம் நம் தலையை அந்தப் பக்கம் திருப்புகின்றது. ஆனால் திரும்பிய தலை என்ன செய்கின்றது என்பதற்கு மூன்று சோதனைகள் வைக்கலாம்.

முதலாவது, கருவியின் பாரத்தை அந்தக் கலை மறைக்கின்றதா? வெலாஸ்குவெஸ் அந்தப் பெண்ணின் முகத்தைச் சிரிக்க வைக்கவில்லை. அதனால் அவர் தேறுகின்றார்.

இரண்டாவது, அந்தக் கை யாருடையது என்று கேட்க நமக்குத் தோன்றுகின்றதா? அல்லது நம் கற்பனையை அங்கே வைத்துவிட்டு மகிழ்கின்றோமா?

மூன்றாவது, பார்த்துவிட்டு வந்தபின் அந்தக் கருவியை ஒரு முறையேனும் நாமே பிடிக்கின்றோமா? அப்பர் சுவாமிகளிடம் கற்க வேண்டியது இது.

இந்நாட்டில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளை இலண்டன் ஓவியக்கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. செவில் சமையலறையைக் காட்டி, அதே கூடத்தில் உள்ள வான் கோவின் வைக்கோல் நாற்காலியையும் காட்டுங்கள். 1888இல் வரைந்தது, நாற்காலியின் மேல் அவருடைய புகைக்குழாயும் புகையிலையும் இருக்கும். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பிறகு அம்மம்மாவிடம் அழைத்துப் போய், மா இடித்தால் கை எங்கே நோகும் என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டு பாடமும் சேர்ந்தால்தான் ஒரு பாடம்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். வருகின்ற வாணி விழாவில் புத்தகங்களோடும் வீணையோடும், அன்னதானக் கூடத்துக் கத்திகளையும் அகப்பைகளையும், மண்டபத்தைக் கூட்டும் விளக்குமாற்றையும் வைப்போம். அவற்றைப் பிடிப்பவர்களின் பெயர்களை, அவர்கள் விரும்பினால், சபையில் வாசிப்போம். அன்று மாலை பாத்திரம் கழுவும் முறை, வழக்கமாகப் பூசைக்கு முன்வரிசையில் நிற்கும் நமக்கு வரட்டும்.